ஆர்தரின் அவையில் ஓர் அயர்லாந்துப் பெரியவர்

(வாசகர் கேள்வி – பதில் பகுதி)

ஆர்தர் மன்னன் கதையை மந்திர தந்திரம் எதுவும் கலக்காமல் வரலாறாகவே படமாக்கினால் யாரை நடிக்க வைக்கலாம் என்று சென்ற இதழில் வாலாஜாபேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முக்கியமான வேடங்களில் ஒன்றை அயர்லாந்தைச் சேர்ந்த மூத்த நடிகர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். காரணம் சொல்லாமல் விட்டது என் பிழை. அந்த ஒரு வரியைக் குறித்து வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பகுதி முழுவதும் செலவாகிவிட்டது. மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆர்தர் இங்கிலாந்தின் தேசிய வீரர். அயர்லாந்தோ பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்து, போராடி விடுபட்ட நாடு. அந்த நாட்டு நடிகரை ஆர்தரின் அவையில் உட்கார வைப்பது எப்படிப் பொருந்தும்? புதுமைக்காகச் சொன்னீர்களா?
– ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், குடியாத்தம்

பதில்: ஐயா, உங்கள் முதல் வாக்கியத்திலேயே நான் மாறுபடுகிறேன். ஆர்தர் இங்கிலாந்துக்காரர் அல்லர். ஆங்கிலேயரின் முன்னோரை எதிர்த்துப் போரிட்டவராகவே பழைய நூல்களில் வருகிறார். ஏறத்தாழ கி.பி. 410-இல் ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டு அகன்றது. அதன் பிறகு கிழக்குக் கரை வழியாக வந்து குடியேறிய சாக்ஸன் முதலிய இனத்தாரே பிற்கால ஆங்கிலேயர். அவர்களைத் தடுத்து நின்ற பிரிட்டானியர்களின் மொழியிலிருந்து பிறந்தவை இன்றைய வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் மொழிகள். 'பிரிட்டானியரின் வரலாறு' என்னும் ஒன்பதாம் நூற்றாண்டு லத்தீன் நூல் ஆர்தரை மன்னர் என்று கூடச் சொல்வதில்லை. மன்னர்களோடு சேர்ந்து நின்று போரிட்ட படைத்தலைவர் என்று சொல்லி, பன்னிரண்டு போர்களை அவர் பெயரில் எழுதி, பன்னிரண்டாவதாகப் பேடன் குன்றத்தைக் குறிப்பிடுகிறது. பேடன் போர் நடந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த கில்டாஸ் என்ற துறவியோ அந்தப் போரைச் சொல்கிறார், ஆர்தரைச் சொல்லவில்லை. வட்டமேசை, லான்ஸலாட் என்ற வீரன், கேமலாட் என்ற அரண்மனை நகரம் ஆகிய மூன்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் எழுதிய கவிஞர்கள் சேர்த்த அணிகலன்கள். வரலாறாகப் படமெடுக்கப் புறப்படும் இயக்குநர் முதலில் கழற்றி வைக்க வேண்டியவை இவையே.

இவற்றைக் கழற்றி வைத்த பிறகு எஞ்சும் பிரிட்டனில் அயர்லாந்துக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கிழக்கில் சாக்ஸன் மக்கள் இறங்கிய அதே காலகட்டத்தில் மேற்குக் கடலைக் கடந்து அயர்லாந்து மக்கள் வந்து இறங்கினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களும் உண்டு. அயர்லாந்தின் காவல் புனிதராகப் போற்றப்படும் பேட்ரிக், பதினாறு வயதில் பிரிட்டனிலிருந்து அடிமையாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்தான். தங்கி ஆண்டவர்களும் உண்டு. வேல்ஸின் தென்மேற்கு மூலையில் இருந்த டவெட் அரசை ஆண்ட குலம், அயர்லாந்தின் தேஷி என்ற இனத்திலிருந்து வந்ததாக அயர்லாந்தின் பழங்கதைகளே சொல்கின்றன. அதைவிட உறுதியான சான்று கல்லில் இருக்கிறது. அந்தப் பகுதி நினைவுக் கற்களில் ஒரு பக்கம் லத்தீன் எழுத்தும், கல்லின் விளிம்பில் கோடு கோடாகக் கீறிய ஓகம் என்ற அயர்லாந்து எழுத்தும் சேர்ந்து காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றில் ஓர் அரசனின் பெயர் லத்தீனில் வோட்டெபோரிக்ஸ் என்ற பெயரின் வடிவிலும், ஓகத்தில் 'வோட்டெகோரிகாஸ்' என்றும் இருக்கிறது. பிரிட்டானியர் வாயில் பகரமாக வருவது அயர்லாந்தினர் வாயில் ககரமாக வரும் என்ற மொழி வேறுபாடு ஒரே கல்லில் பதிவாகியிருக்கிறது. (மகன் என்பதற்கு வெல்ஷ் மொழியின் பழைய சொல் 'மாப்', ஓகம் கல்வெட்டுகளில் 'மக்கி'. நம் 'மகன்' காதில் ஒலிக்கிறதே என்று யாரும் உறவு கொண்டாடக் கிளம்ப வேண்டாம்.)

இதில் நமக்கு அந்நியமாக எதுவும் இல்லை. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களை நினைத்துப் பாருங்கள். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து ஆட்சியாண்டுகளோடு, இன்னாருடைய சேவகன், இன்னாருடைய மகன், ஆநிரை மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் பொறித்த கற்கள் அவை. வேல்ஸின் ஓகம் கற்களும் நம் நடுகற்களும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. எடுத்தனூரில் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்தார்கள். நான் மேலே சொன்ன லத்தீன் நூலும், ஆர்தரின் வேட்டை நாயின் காலடி பதிந்த கல் ஒன்று வேல்ஸில் இருப்பதாகவும், அதை எடுத்துச் சென்றால் மறுநாள் தானே திரும்பி வந்துவிடும் என்றும் எழுதி வைத்திருக்கிறது. ஆர்தர் வாழ்ந்த உலகத்தைக் கேமலாட் அரண்மனையை விடச் செங்கம் நடுகல் நமக்கு நன்றாகக் காட்டும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். ஆர்தர் என்ற பெயரைத் தாங்கி ஆவணங்களில் வரும் மிகப் பழைய மனிதர்களில் ஒருவர், அதே டவெட் அரச குலத்தின் வழிமுறைப் பட்டியலில் பெத்ர் என்பவரின் மகனாக இருக்கிறார். இன்னொருவர், அயர்லாந்தினர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆண்ட அரசின் இளவரசர். கதையின் ஆர்தர் இவர்களில் ஒருவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அயர்லாந்து வழிவந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு விரும்பி வைத்த பெயர் அது என்றால், அந்த அவையில் அயர்லாந்து நடிகர் அந்நியராக மாட்டார்.

கேள்வி: அயர்லாந்து நடிகரின் ஆங்கில உச்சரிப்பு தனியாகத் தெரியுமே! பிரிட்டானியர் நடுவில் அது துருத்திக்கொண்டு நிற்காதா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: அந்தக் காலத்தில் ஆங்கிலத்தின் முன்னோடியைப் பேசியவர்கள் சாக்ஸன் மக்கள் மட்டுமே. ஆகவே, நேர்மையாகப் பார்த்தால் அந்தப் படத்தில் ஆங்கிலம் பேச வேண்டியவர்கள் எதிரிகள்தாம். மற்றவர்கள் வெல்ஷ் மொழியின் தாய்மொழியையும், லத்தீனையும், பழைய ஐரிஷையும் பேசியிருக்க வேண்டும். லண்டன் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல ஆர்தர் பேசுவது பழக்கத்தால் உறுத்தவில்லை, அவ்வளவுதான். செஞ்சிக் கோட்டை தேசிங்கு ராஜன் புந்தேலா ராஜபுத்திரர்; அவர் வீட்டில் பேசியது தமிழாக இருந்திருக்காது. ஆனால் கதைப்பாடலில் அவர் பேசும் தமிழை யாரும் சந்தேகித்ததில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. அயர்லாந்து உச்சரிப்பைக் கேட்டவுடனே மூடுபனி, புல்லாங்குழல், நீண்ட வெண்தாடி, மூலிகைக் கஷாயம் என்று ஒரு பழைய வாய்பாடு படக்காரர்களிடம் இருக்கிறது. முதிய அயர்லாந்து நடிகர் கிடைத்தால் மறுயோசனை இல்லாமல் ஆர்தரின் மந்திரவாதியான மெர்லின் வேடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மெர்லினின் மூலவடிவம் மிர்தின் என்ற வெல்ஷ் மரபுக் கவிஞன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மவுத் ஊரைச் சேர்ந்த ஜெஃப்ரி எழுதிய நூலிலோ, மெர்லின் படையோடு அயர்லாந்து சென்று, அந்நாட்டாரைத் தோற்கடித்து, அங்கிருந்த பெருங்கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டமாக நிறுத்துகிறார். கதையில் அயர்லாந்தைக் கொள்ளையிட்டவர் வேடத்தை அயர்லாந்துக்காரருக்கே கொடுத்துவிட்டு, மண் மணம் என்று விளம்பரம் செய்வது வேடிக்கையாக இருக்கிறது. வெவ்வேறு மொழிக்காரர்களுக்கு வெவ்வேறு உச்சரிப்பைப் பங்கிட்டுக் கொடுத்து, பார்ப்பவர் காதாலேயே யார் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று அறியச் செய்யும் இயக்குநர் கிடைத்தால், நீங்கள் குறை என்று சொன்ன அதே உச்சரிப்பு படத்தின் பெரிய பலமாகிவிடும்.

கேள்வி: வயதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? மூத்த நடிகர் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ராணிப்பேட்டையிலிருந்து வயதைப் பற்றிய கேள்வி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. தேசிங்கு ராஜன் 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தபோது அவருக்கு வயது 22. உடன்கட்டை ஏறிய அவருடைய ராணியின் நினைவாகவே உங்கள் ஊர் பெயர் பெற்றது என்பது அனைவரும் அறிந்த செய்தி. 1960-இல் 'ராஜா தேசிங்கு' திரைப்படம் வந்தபோது எம்.ஜி.ஆருக்கு வயது 43. அரங்கில் இருந்தவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஆர்தர் படங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. ஜான் பூர்மன் இயக்கி 1981-இல் வெளியான 'எக்ஸ்காலிபர்' படத்தில் ஆர்தராக நடித்த நைஜல் டெர்ரி பிறந்தது 1945-இல். அவருடைய தந்தை ஊதராக நடித்த டப்ளின்காரர் கேப்ரியல் பைர்ன் பிறந்தது 1950-இல். மகனை விடத் தந்தை ஐந்து வயது இளையவர்! கதையில் தந்தை இளமையிலேயே இறந்துவிடுகிறார், மகனோ இளைஞனாகத் தொடங்கி முதியவனாகும் வரை வாழ்கிறான் என்பதால் அது படத்தில் உறுத்தவில்லை. இன்று இத்தகைய கணக்கைப் பார்வையாளர்கள் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து நையாண்டி செய்துவிடுவார்கள் என்பது வேறு.

முதுமைக்காக நான் வாதாடுவதற்குக் காரணம், வரலாற்று வடிவத்தில் மாயம் இல்லை என்பதே. மாயம் இருக்கும் கதையில் வாளை நீரிலிருந்து ஒரு கை உயர்த்திக் கொடுத்தவுடன் ஆர்தரின் அதிகாரம் நிலைநாட்டப்பட்டுவிடும். அது இல்லாத கதையில், ரோமானிய ஒழுங்கு குலைந்து, சாலைகள் புல் முளைத்து, ஒவ்வொரு மலையிலும் ஒரு சிற்றரசன் முளைத்த நாட்டில், ஒருவன் பேச்சை மற்றவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதை நடிகரின் முகமும் குரலும் மட்டுமே சொல்லியாக வேண்டும். லிமரிக் நகரில் பிறந்த ரிச்சர்ட் ஹாரிஸ் 1967-இல் 'கேமலாட்' திரைப்படத்தில் ஆர்தராக நடித்தபோது அவருக்கு 36 வயது. அந்தப் படத்துக்கு மூலமான மேடை நாடகத்திலிருந்து வேல்ஸ்காரர் ரிச்சர்ட் பர்ட்டன் உடல்நலக் குறைவால் 1981-இல் விலகியபோது, ஐம்பதைக் கடந்த ஹாரிஸ் மேடையில் அந்த வேடத்தை ஏற்று, அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அதை நடித்தார். 2000-இல் 'கிளாடியேட்டர்' படத்தில் சாகும் தறுவாயில் உள்ள ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸாக அவர் தோன்றும் காட்சிகள் மிகச் சில. ஆயினும் பேரரசு ஒன்றின் களைப்பு முழுவதும் அந்த முகத்தில் இருந்தது. ஆர்தரின் பிரிட்டன் அந்தப் பேரரசின் மிச்சம் என்பதை நினைத்தால், நான் தேடும் முகம் எது என்று உங்களுக்குப் புரியும்.

கேள்வி: நான் சிறு வயது முதல் கூத்துப் பார்ப்பவன். எங்கள் பக்கத்தில் எழுபது வயது வாத்தியாரும் கட்டை கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார். சினிமாவில் மட்டும் வயதானவர்களை ஏன் தயங்கித் தயங்கி எடுக்கிறார்கள்?
– வாசகர், செய்யாறு

பதில்: செய்யாற்றுப் பக்கத்துக்காரருக்குக் கூத்தைப் பற்றி நான் என்ன சொல்ல இருக்கிறது? புஜக்கட்டையும் கிரீடமும் தாங்கி, முகவீணைக்கு ஈடு கொடுத்துப் பாடி, விடியற்காலையில் படுகளத்தில் துரியோதனனாக விழும் வரை நிற்கும் உடல்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கூத்தில் வாத்தியாருக்கு இயலாமல் போனால் அதே இரவில் இன்னொருவர் வேஷம் கட்டி ஆட்டத்தை முடித்துவிடலாம். சினிமாவில் அது முடியாது. பாதிப் படம் எடுத்த பிறகு நடிகர் விழுந்தால், எடுத்தது அனைத்தும் வீண்.

ஆகவே, பெரிய படங்களில் முதன்மை நடிகர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தி இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள். வயது கூடக் கூடப் பிரீமியமும் கூடும்; சில நோய்களைக் காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கியும் வைக்கும். அச்சம் வீணானது அன்று. 'கிளாடியேட்டர்' படப்பிடிப்பின்போது 1999 மே மாதத்தில் ஆலிவர் ரீட் மால்ட்டாவில் இறந்துபோனார். எஞ்சிய காட்சிகளில் டூப் நடிகரின் உடலில் ரீடின் முகத்தைக் கணினி வழியாகப் பொருத்தி முடித்தார்கள். ஹாரி பாட்டர் படங்களில் டம்பிள்டோராக நடித்த ஹாரிஸ், இரண்டாவது படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2002 அக்டோபரில் காலமானார். அந்த வேடத்தை அடுத்து ஏற்ற மைக்கேல் கேம்பனும் டப்ளினில் பிறந்தவரே.

இவற்றுக்கு மாற்று உண்டு. முதியவரின் காட்சிகளையெல்லாம் ஒரே கால்ஷீட்டில் முதலிலேயே எடுத்து முடித்துவிடலாம். குதிரைக்கும் வாள்வீச்சுக்கும் டூப் போடலாம். வரலாற்று வடிவத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 'எக்ஸ்காலிபர்' படத்தில் பளபளக்கும் முழு உலோகக் கவசம் ஆர்தர் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. ஆறாம் நூற்றாண்டுப் பெரியவருக்குக் கம்பளி மேலாடையும், தோளில் கொக்கியிட்ட போர்வையும் போதும். அரசனாயிற்றே என்று இரும்பு வளையங்கள் கோத்த சட்டை மாட்டினாலும், தொலைவுக் காட்சிகளுக்கு நூலில் பின்னி வெள்ளிச் சாயம் பூசிய இலகுவான சட்டையைப் படக்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். உங்கள் ஊர்க் கூத்து வாத்தியார் சுமக்கும் கட்டையில் கால்பங்கு கூட அவர் சுமக்க வேண்டியதில்லை.

கேள்வி: படப்பிடிப்பு அயர்லாந்தில் நடப்பதால்தானே அந்நாட்டு நடிகர்களைச் சேர்க்கிறார்கள்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: ஓரளவு உண்மை. 'எக்ஸ்காலிபர்' விக்லோ மாவட்டத்தில் எடுக்கப்பட்டது. லியாம் நீசன் தம் திரை வாழ்வின் தொடக்கக் காலத்தில் அதில் ஆர்தரின் வீரர்களில் ஒருவரான கவெய்னாக நடித்தார். 2004-இல் வந்த 'கிங் ஆர்தர்' படத்துக்கு ரோமானியரின் ஹேட்ரியன் சுவரைக் கில்டேர் மாவட்டத்தில் கட்டி எழுப்பினார்கள். 2021-இன் 'தி கிரீன் நைட்' படமும் அயர்லாந்தில்தான் எடுக்கப்பட்டது. அதில் கவெய்னாக நடித்தவர் இந்திய வம்சாவளியினரான தேவ் படேல் என்பதைக் குடியாத்தம் ஐயாவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பச்சை நிலமும், வரிச்சலுகையும், பக்கத்திலேயே தேர்ந்த நாடக நடிகர்களும் கிடைக்கும்போது தயாரிப்பாளர் விடுவாரா? ஆனால் சிக்கனத்துக்காகச் சேர்ப்பது வேறு, வேடத்துக்காகத் தேடுவது வேறு.

கேள்வி: இவ்வளவு சொல்லிவிட்டு, எந்த வேடம், எந்த நடிகர் என்று சொல்லாமல் நழுவுகிறீர்களே?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: நழுவவில்லை அம்மா, கடைசிக்காக வைத்திருந்தேன். துறவி கில்டாஸ் தம் காலத்து மன்னர்கள் ஐவரைப் பெயர் சொல்லித் திட்டுகிறார். அவர்களுள் ஒருவர் டவெட் நாட்டு மன்னர் வோர்ட்டிபோர். புள்ளிகள் படர்ந்த சிறுத்தையைப் போன்றவனே, தலை நரைத்துக்கொண்டிருக்கும் வேளையிலும் வஞ்சகம் நிறைந்த அரியணையில் அமர்ந்திருக்கிறாயே என்ற பொருள்பட அவரை வெளுத்து வாங்குகிறார். முதல் பதிலில் நான் சொன்ன இருமொழிக் கல் இவருடையதே என்று நெடுங்காலம் கருதினார்கள். பெயரில் ஓர் எழுத்து குறைவதால், அவர் உறவினர் ஒருவருடையதாக இருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படியாயினும் அயர்லாந்து வழி அரச குலத்தவர், நரைத்தவர், வஞ்சகர், ஆர்தரின் காலத்தை ஒட்டி உண்மையில் வாழ்ந்தவர். மூதாதையர் பேசிய ஐரிஷ் ஒரு காதிலும், பிரிட்டானிய மொழி மறு காதிலும் ஒலிக்க, ஆர்தருக்குப் படை அனுப்புவதா, வேடிக்கை பார்ப்பதா என்று எடை போடும் கிழட்டுச் சிறுத்தை. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதைவிட நல்ல வேடத்தைக் கற்பனையில் படைத்துவிட முடியாது. ஆனால் எல்லோரும் மெர்லினின் தாடியைத் தேடிப் போகிறார்கள்.

நடிகர், பெல்ஃபாஸ்டில் 1953-இல் பிறந்த கியரன் ஹைண்ட்ஸ். 'ரோம்' தொலைக்காட்சித் தொடரில் ஜூலியஸ் சீசராக அவர் அமைதியாக நின்று எதிராளியை அளந்து பார்க்கும் பார்வையைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இளமையில் அவர் 'எக்ஸ்காலிபர்' படத்தில் ஆர்தரின் தலைமையை ஏற்க மறுக்கும் லாட் மன்னராகச் சிறு வேடத்தில் வந்தார். இப்போது தலையும் நரைத்துவிட்டது.